தலைகீழ்க் கேள்விக்குறி

இரவு இரண்டு பத்துக்கு
ஒரே ஒரு வரியைத் திருத்தினேன்:
இந்தக் குழுவில் இருப்பவர் மட்டும் உள்ளே வரலாம்.
குழுவின் பெயர் துர்னோ.
நான் அடித்தது த்ருனோ.
சேமித்தேன், வெளியேறினேன், கொட்டாவி விட்டேன்.
அப்படி ஒரு குழுவே கிடையாது.
ஆகவே எல்லாரும் வெளியே.
நானும்.

கடவுச்சொல் சரிதான் என்கிறது.
சரி என்று சொல்லிவிட்டுத்தான்
அடுத்த நொடி கதவைச் சாத்துகிறது.
ஆள் தெரியாமல் விரட்டினால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

சொந்தச் செலவில் சூனியம்.

நான் புன்டா அரேனாஸில்.
அது நீரிணைக்கு அந்தப் பக்கம்
போர்வெனிர் துறைமுக அலுவலகத்தில்.
ஆறு மணிக்குக் குமாஸ்தா உள்ளே நுழைந்து
காற்றைப் பார்த்து, படகு உண்டா இல்லையா சொல்லவேண்டும்.
படகேறிப் போய்ச் சரிசெய்யலாம்.
படகு உண்டா என்று
அதைத்தான் கேட்கவேண்டும்.

தொலைபேசியை எடுத்தவர் எலெயுதேரியோ பர்ரீயா.
நண்டுப் படகை விற்றுவிட்டு
இரவுக் காவலுக்கு வந்தவர்.
அந்தக் கணினியில் அவருக்குக் கணக்கு இல்லை.
'காவலர் தொடக்கூடாது' என்று
அதன் நெற்றியில் தாள் ஒட்டியவள் நான்.

'தாள் இருக்கிறதே, செனோரா ஒயார்சோ.'
'கிழித்துவிடுங்கள்.'

அணைத்துப் போட்டால்
மூன்று நொடி ஒரு பட்டியல் தெரியும்.
அதற்குள் அம்புவிசையைத் தட்டவேண்டும்.
முதல் முறை தவறிவிட்டது.
மாத்தேவுக்கு வைத்த தண்ணீர் பொங்கியதாம்.
இரண்டாம் முறை பிடித்துவிட்டார்.

'வரியின் கடைசிக்குப் போங்கள். சமக்குறி.'
'அடித்தேன். வேறென்னவோ விழுகிறது.'

அப்போதுதான் உறைத்தது.
முழுக்க விழிக்கும்வரை
அதற்கு ஸ்பானிய மொழி தெரியாது.
கைக்குக் கீழே இருப்பது
அமெரிக்க விசைப்பலகை என்றே நம்பிக்கொண்டிருக்கும்.

'தலைகீழ்க் கேள்விக்குறியை அழுத்துங்கள்,
சமக்குறி வரும்.
சாய்கோட்டுக்குக் கழித்தல்.
கழித்தலுக்கு ஒற்றை மேற்கோள்.'
'எழுத்துகள்?'
'எழுத்துகள் அப்படியே.'
'அவையாவது சொன்ன சொல் மாறவில்லையே.'

'சாய்கோடு எந்தப் பக்கம் சாயும்?'
'மேற்குக் காற்று தள்ளிய மரம் மாதிரி.'
'கிழக்கே. வலப்பக்கம்.
சரி, நம் ஊர் மரம்தான் விழுந்திருக்கிறது.'

பிறகு நெடுநேரம் அவர் மூச்சு மட்டும்.

'வேலி மாதிரி ஒரு குறி.
பக்கத்தில் ஒரு கட்டம் சிமிட்டுகிறது.'
'பெயர் கேட்டதா?'
'இல்லை.'
'கடவுச்சொல்?'
'ஒன்றும் கேட்கவில்லை.'

பதினான்கு பேர் வெளியே.
கணக்கே இல்லாதவர் உள்ளே,
எதையும் எழுதலாம்
எல்லாவற்றையும் அழிக்கலாம்
என்ற இடத்தில்
மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.
அவருக்கு அது தெரியாது.
நான் சொல்லவில்லை.

வட்டு படிக்க மட்டும் திறந்திருந்தது.
எழுதத் திறக்க இன்னொரு வரி.
மேற்கோள் குறிக்குக் கழித்தல் விழுந்தது.
திருத்துமுன் ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தேன்,
அன்றைக்கு நான் செய்த ஒரே உருப்படியான காரியம்.
அதை, ஒவ்வோர் எழுத்தாக,
இரண்டு விரலால்,
புதியதன் மேல் கவிழ்த்தார்.

நாலு முப்பத்தெட்டுக்கு நான் உள்ளே.

பதிவேட்டைத் திறந்து பார்த்தேன்.
மூன்று ஐம்பதிலிருந்து நாலரை வரை வெறுமை.
எழுதுகிறவன் எழுந்திருக்குமுன்
அவர் வந்து போய்விட்டார்.
அறிக்கைப் படிவத்தில் 'சரிசெய்தவர்' கட்டத்தில்
அவர் பெயரை அடித்தேன்.
பயனர் பட்டியலில் இல்லை என்று சிவந்தது.

அதனால் அந்தக் கோப்பிலேயே,
துர்னோ வரிக்கு மேலே,
வேலிக்குறி போட்டு,
இயந்திரம் படிக்காமல் தாண்டும் ஒரு வரியில்:
எ. பர்ரீயா. சாய்கோட்டுக்குக் கழித்தல்.

ஆறு மணிக்குக் குமாஸ்தா நுழைந்தார்.
காற்று அறுபத்தொரு நாட்.
இன்று படகு இல்லை.